முளைகட்டிய ராகியால் கூழை இளக்குவது எப்படி?

எட்டு மாதக் குழந்தை நாலு ஸ்பூன் ராகிக் கூழுக்கு மேல் வாயைத் திறப்பதில்லை. தண்ணீர் விட்டுக் கரைத்தால் குடிக்கிறது, ஆனால் எடை ஏறவில்லை என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். குழந்தையின் பிடிவாதம் என்று நினைக்க வேண்டாம். கணக்கைப் பாருங்கள்.

எட்டுக் கிலோ குழந்தையின் இரைப்பை ஏறக்குறைய 240 மில்லி கொள்ளும். 200 மில்லி தண்ணீரில் 20 கிராம் மாவு போட்டாலே கூழ் கெட்டி. அதில் சுமார் 65 கலோரிதான். தாய்ப்பால் போக, இந்த வயதில் திட உணவிலிருந்து நாளுக்குச் சுமார் 200 கலோரி வேண்டும். தண்ணீர் விட்டால் வயிறு நிறையும், கலோரி ஏறாது.

கொதிக்கும்போது மாவுத்துகள்கள் ஊதி, உள்ளிருந்து மாவுச்சத்தின் நீளமான சங்கிலிகள் வெளிவந்து சிக்கிக்கொண்டு தண்ணீரைக் கட்டிப்போடுகின்றன. அதுதான் கெட்டி. முளைவிடும் ராகியோ தன் முளைக்குத் தீனி போட ஆல்ஃபா அமைலேஸ் என்ற நொதியைச் சுரக்கிறது. இது சங்கிலியை நுனியிலிருந்து கொறிப்பதில்லை. நடுவில் எங்கு வேண்டுமானாலும் வெட்டுகிறது. சிக்குண்ட நூலை நாலு இடத்தில் வெட்டினால் சிக்கே விட்டுப்போகும் அல்லவா? அப்படித்தான் கரண்டி நிற்கிற கூழ் சில நிமிடங்களில் வழிந்தோடும். மாவின் அளவு மட்டும் அப்படியே இருக்கிறது! மைசூரில் உள்ள மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிறுவனம் (சி.எஃப்.டி.ஆர்.ஐ.) இதை 1980களிலேயே ஆராய்ந்தது. 'ராகி சளி பிடிக்கும்' என்ற பேச்சு வீடு வீடாகப் போன அளவுக்கு இது போகவில்லை என்பது என் வருத்தம்.

ராகியை 12 மணி நேரம் ஊறவைத்து, வடித்து, ஈரத்துணியில் இரண்டு நாள் கட்டிவையுங்கள். பூஞ்சை நாற்றம் வந்தால் கொட்டிவிடுங்கள். காயவைத்து, முளையைத் தேய்த்து நீக்கி, வறுக்காமல் அரையுங்கள். கூழில் சாதா ராகி மாவை 40 கிராமாக இரட்டிப்பாக்கிக் காய்ச்சுங்கள். மாவைக் கூட்டாமல் இளக்கினால் மறுபடி நீர்க்கஞ்சிதான். இறக்கி, 60 டிகிரி அளவுக்கு ஆறியதும் ஒரு டீஸ்பூன் முளைமாவைக் கலந்து பத்து நிமிடம் விடுங்கள். கொதிக்கும்போதே போட்டால் நொதி செத்துவிடும். ஈரத்தில் முளைத்த தானியத்தில் கிருமிகளும் பெருகியிருக்கும் என்பதால், இளகியபின் மீண்டும் ஒரு கொதி விட்டு, ஆறவைத்து ஊட்டுங்கள்.

கடையில் விற்கும் முளைகட்டிய ராகி மாவை மணத்துக்காக நன்றாக வறுத்திருக்கலாம். அதே 60 டிகிரி அளவுக்கு ஆறிய கெட்டிக் கூழில் ஒரு ஸ்பூன் போட்டுப் பாருங்கள். பத்து நிமிடத்தில் இளகவில்லையென்றால் அதில் நொதி இல்லை.