நாப்கின், சத்து மாத்திரை, பள்ளி மருத்துவப் பரிசோதனை: பதிவேட்டில் விடுபட்ட பெண்கள் என்ன செய்ய வேண்டும்?

தமிழ்நாட்டில் வளரிளம் பெண்களுக்கு அரசு இலவசமாகத் தர வேண்டியவற்றுள் முதன்மையானவை மூன்று: மாதவிடாய்க் காலத்துக்கான நாப்கின், வாரம் ஒரு இரும்புச்சத்து மாத்திரை, ஆண்டுக்கு ஒரு முறை பள்ளிக்கே மருத்துவக் குழு வந்து செய்யும் உடல் பரிசோதனை. முதல் இரண்டும் 10 முதல் 19 வயது வரை கிடைக்கும்; பரிசோதனை 18 வயது வரை. இவற்றுக்கு வருமானச் சான்று வேண்டாம், சாதிச் சான்று வேண்டாம். இருந்தும் மிகவும் தேவைப்படும் பெண்களுக்கே இவை கிடைக்காமல் போவதைப் பல ஊர்களில் தொடர்ந்து பார்த்து வருவதால்தான் இதை எழுதுகிறேன். காரணம் பெரும்பாலும் ஒன்றே: மூன்றும் பதிவேட்டை வைத்து நடக்கின்றன, பெயர் எந்தப் பதிவேட்டிலும் இல்லாத பெண்ணைத் தேடி யாரும் வருவதில்லை.

நாப்கின் வழங்கும் புதுயுகம் திட்டம் கிராமப்புறங்களில் தொடங்கிப் பின்னர் நகரங்களுக்கும் விரிவாக்கப்பட்டது. இரண்டு மாதங்களுக்கு ஒரு முறை மூன்று பொட்டலங்கள், பொட்டலத்துக்கு 6 நாப்கின், ஆக ஆண்டுக்கு 18 பொட்டலங்கள் என்பது கணக்கு. பள்ளியில் படிக்கும் பெண்ணுக்கு ஆசிரியர் வழியாகவும், படிப்பை நிறுத்தியவருக்கு அங்கன்வாடிப் பணியாளர் அல்லது கிராம சுகாதார செவிலியர் வழியாகவும் அவை வந்து சேர வேண்டும். மாத்திரைக்கும் ஏறக்குறைய இதே வழிதான்.

சிக்கல் இந்த இரண்டு வழிகளுக்கும் இடையில் இருக்கிறது. பத்தாம் வகுப்போடு நின்றுவிட்ட பெண்ணின் பெயர் பள்ளிப் பட்டியலிலிருந்து உடனே நீங்கிவிடும், ஆனால் அங்கன்வாடிப் பட்டியலில் தானாக ஏறாது. அங்கன்வாடியில் கேட்டால் பள்ளியில் வாங்கிக்கொள்ளச் சொல்கிறார்கள். பள்ளியிலோ, இப்போது படிக்காதவருக்குத் தர இயலாது என்கிறார்கள். இரண்டு இடத்திலும் மறுக்கப்பட்ட பெண் மூன்றாவது முறை கேட்க மாட்டாள். நாப்கினை நாலு பேர் முன்னால் கேட்பதே அந்த வயதில் எளிதல்ல என்பதை மேசைக்கு அந்தப் பக்கம் இருப்பவர்கள் நினைத்துப் பார்ப்பதில்லை. எனவே மகள் படிப்பை நிறுத்திய மாதத்திலேயே தாயோ மூத்த சகோதரியோ அங்கன்வாடிக்குச் சென்று, பெயரைப் பதிவேட்டில் எழுதுவதை நேரில் பார்த்துவிட்டு வர வேண்டும். "அடுத்த முறை வரும்போது சேர்த்துக்கொள்கிறோம்" என்ற பதிலை ஏற்றுக்கொண்டு திரும்பாதீர்கள். அந்த அடுத்த முறைக்குள் அவளுடைய பங்கு வேறு கணக்கில் போய்விடும்.

இதைவிட மோசமான நிலையில் இருப்பவர்கள் வேலைக்காக வெளியூர் சென்று நூற்பாலை விடுதிகளில் தங்கியிருக்கும் பெண்கள். சொந்த ஊர்ப் பட்டியலில் பெயர் இருந்தாலும் பொருள் கைக்கு வராது. அவர்கள் தங்கியிருக்கும் பகுதிக்குரிய கிராம சுகாதார செவிலியரிடம் பெயர் கொடுக்க வேண்டும். அவர் யார் என்று தெரியாவிட்டால் அருகிலுள்ள துணை சுகாதார நிலையத்தில் கேட்டால் சொல்வார்கள். தனியே போகத் தயங்கினால் விடுதியில் உள்ள அதே வயதுப் பெண்கள் சேர்ந்து ஒரே தாளில் பெயர், வயது எழுதிக் கொடுப்பது நல்லது. ஒருத்தியைத் திருப்பி அனுப்புவதுபோல் ஒரு கூட்டத்தைத் திருப்பி அனுப்ப முடியாது.

இனி மாத்திரை. 10 முதல் 19 வயது வரையுள்ளவர்களுக்கு உரியது நீல நிற மாத்திரை. ஒன்றில் 60 மில்லிகிராம் இரும்புச்சத்தும் 500 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலமும் இருக்கும். ஆண்டின் 52 வாரங்களுக்கும் உரியது என்பதால், பள்ளி விடுமுறை தொடங்கும் முன்பே அந்த வாரங்களுக்கான மாத்திரைகளைக் கேளுங்கள். வெறும் வயிற்றில் விழுங்கினால் குமட்டும். மதிய உணவுக்குப் பின் தண்ணீருடன் விழுங்குவதே சரி. தேநீரும் பாலும் இரும்புச்சத்து உடலில் சேர்வதைக் குறைக்கும் என்பதால் அவற்றோடு சேர்த்துச் சாப்பிடக் கூடாது. மலம் கறுப்பாகப் போவது இயல்பு, அதற்காக நிறுத்த வேண்டியதில்லை. இந்த நான்கு செய்திகளை வகுப்பில் ஒரு முறை சொல்லிவிட்டால் பாதிப் பிள்ளைகள் மாத்திரையை ஜன்னலுக்கு வெளியே வீச மாட்டார்கள். பல பள்ளிகளில் நடப்பதோ வேறு: மாத்திரை கையில் கொடுக்கப்படுகிறது, பதிவேட்டில் "உட்கொண்டார்" என்று எழுதப்படுகிறது, அத்துடன் வேலை முடிகிறது. உங்கள் மகளிடம் "மாத்திரை கொடுத்தார்களா?" என்று கேட்காமல் "ஆசிரியர் பார்க்க விழுங்கினாயா?" என்று கேளுங்கள்.

இதை இவ்வளவு வலியுறுத்தக் காரணம் உண்டு. 2019-21 தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53.4 விழுக்காட்டினர் ரத்தசோகை உள்ளவர்கள். வாரம் ஒரு மாத்திரை என்பது தடுப்புக்கான அளவு மட்டுமே. ஏற்கெனவே ரத்தசோகை உள்ள பெண்ணுக்கு அது சிகிச்சை ஆகாது. இந்த வேறுபாட்டை எந்த அலுவலகமும் பெற்றோரிடம் எடுத்துச் சொல்வதில்லை. 12 வயதுக்கு மேற்பட்ட, கர்ப்பமாக இல்லாத பெண்ணுக்கு ஹீமோகுளோபின் 12 கிராமுக்குக் கீழே இருந்தால் ரத்தசோகை. 8-க்குக் கீழே இருந்தால் கடுமையான ரத்தசோகை, தாமதிக்காமல் பெரிய மருத்துவமனைக்குப் போக வேண்டும். இடைப்பட்டவர்களுக்கு நாளுக்கு இரண்டு மாத்திரை வீதம் மூன்று மாதம் கொடுத்து, இடையிடையே மீண்டும் அளந்து பார்ப்பது நடைமுறை.

ஆகவே பரிசோதனைக் குழு பள்ளிக்கு வந்துபோன அன்று எண் என்ன என்று கேட்டு எழுதி வாங்குங்கள். "கொஞ்சம் கம்மியா இருக்கு, கீரை சாப்பிடச் சொல்லுங்க" என்பது பதிலாகாது. மிகக் குறைந்த அளவு பதிவேட்டில் எழுதப்பட்டும், அந்தப் பெண்ணின் தாய்க்கு யாரும் சொல்லாமல் அந்த ஆண்டே கழிந்துபோன நிகழ்வை நான் அறிவேன். கண் இமையை இழுத்துப் பார்த்துவிட்டு முடித்திருந்தால், ஆரம்ப சுகாதார நிலையத்தில் ரத்தப் பரிசோதனைக்குக் கட்டணம் இல்லை. நேரே அங்கே அழைத்துச் செல்லுங்கள். குழு வந்த நாளில் பள்ளிக்குப் போகாதவர்களும், தனியார் பள்ளியில் படிப்பவர்களும் செய்ய வேண்டியதும் இதுவே, ஏனெனில் இந்தப் பள்ளிப் பரிசோதனை அரசு மற்றும் அரசு உதவி பெறும் பள்ளிகளுக்கு மட்டுமே உரியது. தனியார் பள்ளிக் கட்டணத்தைக் கடன் வாங்கிக் கட்டும் குடும்பங்கள் தமக்கும் குழு வரும் என்று காத்திருப்பது வீண்.

குழு பரிந்துரைச் சீட்டு கொடுத்தால் அதைப் பத்திரப்படுத்துங்கள். மேல்சிகிச்சை, தேவைப்பட்டால் அறுவைச் சிகிச்சை வரை இலவசமாகப் பெற அதுவே ஆதாரம். அசலை எந்த மேசையிலும் விட்டுவிட்டு வராதீர்கள், நகலைக் கொடுங்கள். கூலி வேலையை விட்டுவிட்டு வரும் பெற்றோரை "டாக்டர் இன்று இல்லை" என்று திருப்பி அனுப்புவது வழக்கமாகிவிட்டதால், புறப்படும் முன், சீட்டில் எழுதியுள்ள மருத்துவமனைப் பிரிவு இயங்கும் நாளைக் குழுவினரிடமே கேட்டுச் சீட்டின் பின்புறம் குறித்துக்கொள்ளுங்கள்.

19 வயதைத் தாண்டியவர்கள் எதுவும் இல்லை என்று எண்ண வேண்டாம். 20 முதல் 49 வயதுப் பெண்களுக்கு வாரம் ஒரு சிவப்பு மாத்திரை உண்டு. ஆண்டுதோறும் நடக்கும் குடற்புழு நீக்க முகாமில் 1 முதல் 19 வயதினரோடு, கர்ப்பிணிகளும் பாலூட்டும் தாய்மார்களும் அல்லாத 20 முதல் 30 வயதுப் பெண்களுக்கும் அல்பெண்டசோல் மாத்திரை தரப்படுகிறது. கல்லூரி மாணவிகள் இதைக் கேட்டு வாங்குவதே இல்லை.

பொருள் வரவில்லை என்றால் முதலில் வட்டார மருத்துவ அலுவலரிடம் எழுத்தில் கொடுத்து, நகலில் கையொப்பமும் தேதியும் வாங்குங்கள். வாய்மொழிப் புகாருக்குத் தடயம் இருக்காது. அடுத்து முதல்வரின் முகவரி எண் 1100, அல்லது திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகக் குறைதீர்க்கும் நாள். மனுவில் மகளின் பெயரோ உடல்நிலையோ எழுத வேண்டியதில்லை. மையத்தின் பெயர், எந்த மாதத்திலிருந்து வரவில்லை என்பவை போதும். "இருப்பு இல்லை" என்ற பதிலே தொடர்ந்தால், 10 ரூபாய் கட்டணத்துடன் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் இரண்டே கேள்விகள் கேளுங்கள்: கடந்த ஓராண்டில் இந்த மையத்துக்கு மாதவாரியாக எத்தனை பொட்டலங்கள் வந்தன, எத்தனை வழங்கப்பட்டன? 30 நாட்களுக்குள் பதில் தர வேண்டும் என்பது சட்டம். வரும் எண்ணிக்கையை அடுத்த கிராம சபைக் கூட்டத்தில் எல்லோர் முன்னிலையிலும் வாசியுங்கள்.