நாய், பூனை இருக்கும் வீட்டுக்கு வாக்குவம் க்ளீனர்: வாங்கும் முன் பின்பக்கத்தைப் பாருங்கள்

தடுப்பூசி போட்டு முடித்து, கதவு வரை போனவர் திரும்பி வந்து, "டாக்டர், இந்த முடிக்கு என்னதான் பண்றது?" என்று கேட்பது எங்கள் கிளினிக்கில் தினமும் நடக்கும். லாப்ரடாருக்கும் பெர்சியன் பூனைக்கும் அடியில் அடர்த்தியான உள்முடி உண்டு, அது கொட்டத்தான் செய்யும். அதுவும் ஏசி அறையில், ராத்திரி பதினோரு மணி வரை விளக்கு வெளிச்சத்தில் வாழ்கிற நாய்க்குப் பருவம் குழம்பிப்போய் வருஷம் முழுக்கக் கொட்டும். மொட்டையடித்துவிடாதீர்கள், வெயிலிலிருந்து தோலைக் காப்பதே அந்த முடிதான். திட்டுத் திட்டாகக் கொட்டினாலோ ஓயாமல் சொறிந்தாலோ மட்டும் கொண்டுவந்து தோலைக் காட்டுங்கள், அதற்கு எந்த மெஷினும் பதில் இல்லை.

சரி, மெஷினுக்கு வருகிறேன்.

ஒரு குடும்பம் தங்கள் பூனையை வேறு யாருக்காவது கொடுத்துவிட வேண்டும் என்று என்னிடம் வந்தது. எட்டு வயசுப் பெண்ணுக்கு வீசிங். பூனையைத் தடவும்போது வருவதைவிட, சாயங்காலம் வீடு சுத்தம் செய்த பிறகுதான் இருமல் அதிகம் என்று அம்மா சொன்னார். தடுப்பூசிக்காக அவர்கள் வீட்டுக்குப் போனபோது மெஷினை ஓடவிடச் சொன்னேன். ஜன்னல் வழியாக விழுந்த நாலு மணி வெயிலில், மெஷினின் பின்பக்கத்திலிருந்து பொடிப்பொடியாகப் புகைபோல ஏதோ கிளம்பி மேலே போனது கண்ணுக்கே தெரிந்தது. முன்னால் உறிஞ்சியதில் ஒரு பங்கைப் பின்னால் ஊதிக்கொண்டிருந்தது அது.

பலரும் நினைப்பதுபோல ஒவ்வாமை தருவது முடி அல்ல. பூனையின் எச்சிலிலும் தோல் சுரப்பியிலும் உண்டாகும் ஃபெல் டி 1 என்ற புரதம்தான் முக்கியக் காரணம். அது பொடுகுத் துகளில் ஒட்டிக்கொண்டு மணிக்கணக்கில் காற்றில் மிதக்கும். முடி தரையில் கிடக்கும், கண்ணுக்குத் தெரியும், இது தெரியாது. அதனால் ஃபில்டர் நன்றாக இருந்தால் மட்டும் போதாது, மூடி, ரப்பர் வளையம் எல்லாம் இறுக்கமாக இருந்து, உள்ளே போன காற்று முழுவதும் ஃபில்டர் வழியாகவே வெளியேற வேண்டும். நுண்துகளைப் பிடிப்பதற்கென்றே உள்ள அசல் ஹெப்பா ஃபில்டர், 0.3 மைக்ரான் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) துகளில் 99.97 சதவீதத்தைப் பிடிக்கும். 'ஹெப்பா டைப்' என்று அட்டையில் போட்டிருந்தால் அது வேறு, ஏமாந்துவிடாதீர்கள்.

வாட்ஸைப் பார்த்து வாங்குவதையும் விட்டுவிடுங்கள். 2000 வாட்ஸ் என்பது கரண்ட் எவ்வளவு இழுக்கும் என்பதற்கான கணக்கு, குப்பையை எவ்வளவு இழுக்கும் என்பதற்கு அல்ல. ஐரோப்பிய ஒன்றியம் 2017 முதல் வீட்டு மெஷின்களுக்கு 900 வாட்ஸ்தான் உச்சவரம்பு என்று வைத்திருக்கிறது, அங்கேயும் நாய் வளர்க்கிறார்கள்.

அப்புறம் பிரஷ். நம் வீட்டு டைல்ஸிலும் மொசைக்கிலும் விறைப்பான நாருள்ள சுழலும் பிரஷ், முடியை எடுப்பதற்குப் பதில் நாலு பக்கமும் தெறிக்கவிடும். மென்மையான துணி உருளை இருப்பதைக் கேளுங்கள். சோபா, மெத்தைக்கு அப்படியில்லை, நெசவுக்குள் குத்தி நிற்கும் குட்டை முடியை வெறும் உறிஞ்சல் எடுக்காது, மோட்டார் வைத்த சின்ன பிரஷ் தனியாக வேண்டும். எதுவானாலும் உருளையைக் கையால் கழற்ற முடிகிறதா என்று கடையிலேயே கழற்றிப் பாருங்கள். மூன்று மாதம் கவனிக்காத ஒரு பிரஷ்ஷைப் பிரித்துப் பார்த்திருக்கிறேன், இரண்டு முனையிலும் முடி கயிறாக முறுக்கி இறுகி, பிளாஸ்டிக்கே சூட்டில் உருகியிருந்தது.

வீட்டில் வீசிங் உள்ளவர் இருந்தால் பை வைத்த மாடல்தான் என் தேர்வு. பையில்லாததில் டப்பாவைத் தட்டும்போது பாதி நம் முகத்துக்கே வரும். பைச் செலவு தொடர்ந்து இருக்கும், ஆனாலும் பரவாயில்லை என்பேன். ரோபோ மெஷின் தினசரி முடிக்கு உதவும், ஆனால் குட்டி நாய் இருக்கும் வீட்டில் ஆளில்லாதபோது ஓடவிடாதீர்கள், மலத்தின் மேல் ஏறி வீடு முழுக்க இழுத்துவிடும்.

அந்தப் பூனை இன்னும் அதே வீட்டில்தான் இருக்கிறது. மெஷின் மாறியது, பூனைக்குப் படுக்கையறை கிடையாது என்று ஆனது, மகள் இல்லாத நேரத்தில் சுத்தம் செய்கிறார்கள். இன்ஹேலர் நிற்கவில்லை, அதைக் குழந்தைகள் மருத்துவர்தான் பார்த்துக்கொள்கிறார்.

நாய் உள்ளவர்களுக்கு உண்ணி விஷயம் ஒன்று. ரத்தம் குடித்த பெண் உண்ணி கீழே விழுந்து, சுவர் விரிசலிலும் கதவுச் சட்டத்திலும் ஏறி ஆயிரக்கணக்கில் முட்டையிடும். சந்துக்குள் போகும் ஒல்லியான குழாயால் அங்கெல்லாம் இழுத்து, குப்பையை அன்றே கவரில் கட்டி வெளியே போடுங்கள். உண்ணி மருந்தை மட்டும் இதைக் காரணம் காட்டி நிறுத்தாதீர்கள்.

புது மெஷின் வந்த அன்றே சத்தத்தோடு நாய் முன்னால் ஓட்ட வேண்டாம். இரண்டு நாள் ஹாலில் சும்மா நிற்கட்டும், மோந்து பார்க்கட்டும், பக்கத்தில் பிஸ்கட் போடுங்கள், அப்புறம் அடுத்த அறையில் கதவைச் சாத்திக்கொண்டு ஒரு நிமிஷம் ஓடவிடுங்கள்.