துளை போடும் முன் டேப் ஒட்டுங்கள்

கானாடுகாத்தானில் ஒரு பழைய வீடு. வளவுத் தாழ்வாரத்தில் சாம்பல் நிற மின்சாரப் பேனல் போர்டு, இரும்புத் தகட்டுப் பெட்டி. சோலார் இணைப்புக்காக அதன் பக்கத் தகட்டில் ஒரு துளையும், கதவில் இண்டிகேட்டர் விளக்குக்கு ஒரு துளையும் போட்டுக் கொடுத்தேன். சில மாதம் கழித்து வேறு வேலையாகப் போனபோது அந்த வீட்டு ஆச்சி, "தம்பி, தரையைப் பாருங்கள்" என்றார். ஆத்தங்குடிக் கல்லில் மிளகு தூவியதுபோல் பழுப்புப் புள்ளிகள். கதவில், துளையைச் சுற்றிப் பெயிண்ட் செதில் செதிலாக எழும்பியிருந்தது.

நான் கூட்டாமல் விட்ட இரும்புத் துகள், தரை துடைக்கும் ஈரம் பட்டுத் துருவேறிக் கல்லுக்குள் இறங்கிவிட்டது. அது சிமெண்டில் செய்த கல். ஆசிட் ஊற்றினால் மேற்பரப்பே அரித்துப்போகும்.

அதன் பிறகு என் வேலைமுறையே மாறியது. முதலில் மின்சாரத்தை நிறுத்தி, டெஸ்டர் வைத்துப் பார்த்துவிடுகிறேன். துளை வரும் இடத்தில் மாஸ்கிங் டேப்பை இரண்டு அடுக்காக, கை அகலத்துக்கு ஒட்டுகிறேன். அளவு குறிப்பதும் டேப்பின் மேல்தான். பின்பக்கம் மரக்கட்டையை அண்டக் கொடுத்து, துளையின் மையத்தில் சிறு குழி பதிக்கும் சென்டர் பஞ்சை மெதுவாகத் தட்ட வேண்டும். அண்டக் கொடுக்காமல் ஓங்கி அடித்தால் தகடு குழிந்து, பவுடர் கோட்டிங் என்னும் பெயிண்ட் பூச்சு நட்சத்திரம்போல் விரிசல் விடும். அது ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குகூட இல்லாத தோல்.

இண்டிகேட்டருக்கு 22.5 மி.மீ. துளை வேண்டும். வட்ட ரம்பமான ஹோல் சா தொடக்கத்தில் துள்ளும்; பல் ஒருமுறை சறுக்கினால் கதவு முழுக்கக் கீறல். படிப்படியாக அகலும் கூம்பு போன்ற ஸ்டெப் டிரில்லைக் குறைந்த வேகத்தில், ஒரு சொட்டு எண்ணெய் விட்டு ஓட்டுங்கள். எந்தப் படியில் நிறுத்த வேண்டுமோ அங்கே மார்க்கரால் கோடு போட்டுக்கொண்டால் துளை பெரிதாகாது. போல்ட்டை முறுக்கித் தகட்டை வெட்டும் பஞ்ச் கையில் இருந்தால் அதுவே சிறந்தது. சூடில்லை, தகட்டைத் துண்டாகவே எடுத்துவிடும். கிரைண்டர் மட்டும் வேண்டாம். அதன் பொறிகள் பெயிண்டில் புதைந்து, ஒவ்வொன்றும் ஒரு துருப்புள்ளி ஆகும்.

துகள் உள்ளே விழுந்தால் இன்னும் மோசம். கோளாறு வந்தால் மின்சாரத்தைத் தானே துண்டிக்கும் எம்.சி.பி. சுவிட்சின் முனைகளுக்கிடையே ஒரு சுருள் கிடந்தாலே ஷார்ட் ஆகலாம். வாயால் ஊதாதீர்கள், அது இன்னும் உள்ளே போகும். உள்ளிருக்கும் கருவிகளைத் துணியால் மூடிவிட்டு வேலை செய்யுங்கள். பிளாஸ்டிக் பைக்குள் காந்தத்தை வைத்து இழுத்து, பையைப் புரட்டினால் துகள் முழுதும் பைக்குள்ளேயே தங்கிவிடும். கடைசியில் வேக்யூம் கிளீனர். தரையில் முன்கூட்டியே பழைய போர்வை விரித்துவிடுகிறேன்.

பிசிறை அரத்தால் எடுக்கும்போது பெயிண்ட் பக்கத்திலிருந்து உள்நோக்கித் தள்ளுங்கள். திருப்பி இழுத்தால் பெயிண்ட் தூக்கிக்கொள்ளும். வெட்டிய விளிம்பு பூச்சில்லாத வெறும் இரும்பு. பலரும், துளையில் வயரை இறுக்கிப் பிடிக்கும் கிளாண்டை மாட்டி அதை மறைத்துவிடுகிறார்கள். துரு அங்கேதான் தொடங்கிப் பெயிண்டுக்கு அடியில் நடக்கிறது. ஜிங்க் பிரைமர், மேலே அதே நிற எனாமல், இரண்டையும் சிறு தூரிகையால் பூசி நன்றாகக் காயவிடுங்கள். அப்புறம்தான் கிளாண்ட். த்ரீ ஃபேஸ் வயர்களைத் தனித்தனித் துளையில் விடாமல் ஒரே துளையில் விடுங்கள், இல்லையென்றால் இரும்புத் தகடு சூடேறும்.

ஆச்சி வீட்டுப் பேனலுக்குப் புதுக் கதவு என் செலவில் மாற்றிக் கொடுத்தேன். கல்லில் இருக்கும் புள்ளிகள் இன்னும் போகவில்லை.