கைக்கு மறக்கவில்லை

குடியாத்தம் பக்கத்திலிருந்து ஒரு மகள் தன் அம்மாவைக் கூட்டிக்கொண்டு காட்பாடியில் இருக்கும் என் கிளினிக்குக்கு வந்தார். அம்மாவுக்கு 63 வயது. கல்யாணமான நாளிலிருந்து பீடி சுற்றுகிறவர். (இங்கே சொல்லும் எல்லாரைப் பற்றியும் அடையாளம் தெரியாதபடி விவரங்களை மாற்றியிருக்கிறேன்.)

"சொன்னதையே சொல்லிக்கினே கீறாங்க டாக்டர். சாப்ட்டு கை கழுவினு வந்து ஒக்காந்து, இன்னும் சோறு போடலையான்னு கேக்கறாங்க. வயசானா அப்டித்தான், டாக்டர்கிட்ட போயி இன்னா ஆவப்போவுதுன்னு தெருவுல எல்லாரும் சொல்றாங்க."

அம்மா தலையைக் குனிந்துகொண்டு முந்தானை நுனியைத் திருகிக்கொண்டிருந்தார். தன்னைப் பற்றித்தான் பேசுகிறார்கள் என்று அவருக்கு நன்றாகப் புரிந்தது. "ஏம்மா, பீடி சுத்தறது மறந்துபோச்சா?" என்று கேட்டேன். சட்டென்று நிமிர்ந்தார். "அது எப்டி மறக்கும்?" இலையும் இல்லை, தூளும் இல்லை. வெறும் விரல்கள் மடித்து, உருட்டி, நுனியை அமுக்கி, நூல் சுற்றிக் காட்டின. அத்தனை சுத்தமான வேலை.

காலையில் சாப்பிட்டது மறந்துவிட்டது, நாற்பது வருடத்துத் தொழில் மறக்கவில்லை. "அப்போ ஞாபகம் நல்லாத்தானே கீது, வேணும்னே பண்றாங்களோ?" என்று மகள் கேட்டார். பல வீடுகளில் இந்தச் சந்தேகம் சண்டையில் போய் முடிகிறது. பெரியவர்கள் வேண்டுமென்று செய்வதில்லை. ஞாபகம் என்பது ஒரே பெட்டி இல்லை, அவ்வளவுதான்.

இது மருத்துவ உலகுக்குத் தெரிந்ததே ஒரு நோயாளியால்தான். 1953-ல் அமெரிக்காவில் ஓர் இளைஞருக்கு, அடங்காத வலிப்பை நிறுத்துவதற்காக, மூளையின் இரண்டு பக்கமும் ஹிப்போகேம்பஸ் என்ற பகுதியில் கணிசமானதை அறுத்து எடுத்தார்கள். வலிப்பு குறைந்தது. ஆனால் அதற்குப் பிறகு எந்தப் புது விஷயமும் அவர் மனதில் தங்கவில்லை. பல வருடம் அவரைப் பரிசோதித்த உளவியல் ஆய்வாளர் பிரெண்டா மில்னர், கண்ணாடியில் தெரியும் பிம்பத்தை மட்டும் பார்த்து ஒரு நட்சத்திரத்தின் கோட்டை வரையச் சொன்னார். நாளுக்கு நாள் அவர் கை தேறிக்கொண்டே வந்தது. ஒவ்வொரு நாளும் அவர் மட்டும் "இதை இப்போதுதான் முதல் தடவை செய்கிறேன்" என்றே நினைத்தார். கைப்பழக்கத்தின் ஞாபகம் வேறு இடத்தில் இருக்கிறது, நடந்ததைப் பற்றிய ஞாபகம் வேறு இடத்தில் உருவாகிறது. அந்த அம்மாவின் விரல்கள் என் மேசை முன்னால் காட்டியதும் இதைத்தான்.

சரி, எங்கே இருக்கிறது என்று தெரிந்தது. எதனால் ஆனது? இந்தக் கேள்விக்குத் தன் ஆயுளையே கொடுத்தவர் எரிக் கண்டெல். நான் மருத்துவ மாணவனாக இருந்தபோது அவருடைய வேலையைப் படித்துத்தான் நரம்பியலுக்கு வந்தேன். அதனால் அவரைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

1929-ல் வியன்னாவில் பிறந்தவர். அப்பாவுக்குப் பொம்மைக் கடை. யூதக் குடும்பம். 1938 நவம்பரில், ஒன்பதாவது பிறந்தநாள் முடிந்து இரண்டே நாளில், வீட்டை விட்டு வெளியே போகச் சொல்லி நாஜி போலீசார் கதவைத் தட்டினார்கள். சில நாள் கழித்துத் திரும்பி வந்தபோது விலையுள்ள பொருள் எதுவும் வீட்டில் இல்லை. பிறந்தநாளுக்குக் கிடைத்த நீல நிற பொம்மைக் காரும் இல்லை. அடுத்த வருடம் அண்ணனோடு கப்பலேறி அமெரிக்கா போய்ச் சேர்ந்தார். அந்தக் கதவு தட்டும் சத்தம் எப்படி இத்தனை வருடம் மூளையில் பதிந்து கிடக்கிறது என்ற கேள்விதான் தன்னை ஞாபகத்தின் பக்கம் இழுத்திருக்க வேண்டும் என்று பிற்காலத்தில் அவரே எழுதியிருக்கிறார்.

கல்லூரியில் அவர் படித்தது வரலாறும் இலக்கியமும். மனப்பகுப்பாய்வு மருத்துவராக வேண்டும் என்ற ஆசையில்தான் மருத்துவம் படித்தார். முதலில் ஹிப்போகேம்பஸ் செல்களைத்தான் ஆராய்ந்தார். மனித மூளையில் சுமார் 8,600 கோடி நரம்பு செல்கள். அந்தக் காட்டுக்குள் ஒரு ஞாபகத்தைத் தேடிப் பிடிக்க முடியாது என்று அவருக்குப் புரிந்தது. அதனால் அப்லீசியா என்ற கடல் நத்தை வகைக்குப் போனார். காது மாதிரி இரண்டு நீட்டல் இருப்பதால் கடல் முயல் என்றும் சொல்வார்கள். அதற்கு மொத்தமே ஏறத்தாழ 20,000 நரம்பு செல்கள்தான், சில செல்கள் வெறும் கண்ணுக்கே தெரியும் அளவுக்குப் பெரியவை. நத்தையிடம் மனிதனின் ஞாபகத்தைப் பற்றி என்ன தெரிந்துகொள்ளப் போகிறாய் என்று மூத்தவர்கள் பலர் தடுத்தார்கள். அவர் கேட்கவில்லை.

சோதனை எளிமையானது. அதன் வாலில் லேசாக ஒரு ஷாக் கொடுத்தால், அப்புறம் சும்மா தொட்டாலே செவுளைப் பலமாக உள்ளிழுத்துக்கொள்ளும். பயந்ததை ஞாபகம் வைத்திருக்கிறது. ஒரு தடவை ஷாக் என்றால் அந்த ஞாபகம் சில நிமிடம் இருக்கும். இடைவெளி விட்டு நாலைந்து தடவை கொடுத்தால் நாள்கணக்கில் இருக்கும். இந்த இரண்டுக்கும் செல்லுக்குள் என்ன வித்தியாசம் என்பதைத்தான் கண்டெலும் அவரது குழுவும் பல பத்தாண்டுகள் தோண்டித் தோண்டிப் பார்த்தார்கள்.

ஒரு நரம்பு செல்லும் அடுத்த செல்லும் சந்திக்கும் இடத்துக்கு சினாப்ஸ் என்று பெயர். குறுகிய கால ஞாபகத்தில், ஏற்கெனவே இருக்கும் சினாப்ஸ் கொஞ்ச நேரத்துக்குப் பலப்படுகிறது, அவ்வளவுதான். செரடோனின் என்ற ரசாயனம் சுரக்கிறது, செல்லுக்குள் சைக்ளிக் ஏ.எம்.பி. என்ற தூது மூலக்கூறு கூடுகிறது, அடுத்த செல்லுக்குப் போகும் ரசாயனச் செய்தி அதிகமாகிறது. புதிதாக எதுவும் கட்டப்படுவதில்லை. நீண்ட கால ஞாபகத்தில் அந்தச் செய்தி செல்லின் கருவுக்கே போகிறது. அங்கே கிரெப் என்ற புரதம் சில மரபணுக்களை முடுக்கிவிடுகிறது. புதுப் புரதங்கள் உருவாகி, புது சினாப்ஸ்கள் முளைக்கின்றன. புரதம் உருவாவதை மருந்தால் தடுத்தால் குறுகிய கால ஞாபகம் இருக்கும், நீண்ட கால ஞாபகம் மட்டும் உண்டாகாது. கிரெப்பிலேயே முடுக்கிவிடும் வகையும் உண்டு, தடுத்து வைக்கும் வகையும் உண்டு. எல்லாவற்றையும் சேமித்து வைக்க மூளையே விரும்புவதில்லை. செருப்பை எங்கே விட்டோம் என்று மறப்பதற்காக யாரும் பயப்பட வேண்டாம்.

இந்த வேலைக்காக 2000-ல் ஆர்விட் கார்ல்சன், பால் கிரீன்கார்ட் இருவரோடு சேர்த்துக் கண்டெலுக்கு நோபல் பரிசு கிடைத்தது.

ஒரு கிளினிக்கில் உட்கார்ந்திருக்கிற எனக்கு இதில் முக்கியமானது இதுதான். ஞாபகம் என்பது உடம்பு. அது சதையில் முளைக்கிறது. உடம்புக்கு ஒன்று குறைந்தால் சோகை வருகிற மாதிரி, கை கால் மரத்துப்போகிற மாதிரி, ஞாபகமும் குறையும். அப்படியானால் காரணம் தேட வேண்டும். "வயசாயிடுச்சு" என்பது காரணம் ஆகாது.

அந்த அம்மாவிடம் தேடினோம். சர்க்கரைக்குப் பன்னிரண்டு வருடமாக மெட்ஃபார்மின் சாப்பிடுகிறார். பாதத்தில் எறும்பு ஊர்கிற மாதிரி இருக்கிறது என்று ஒரு வருடமாகச் சொல்லியிருக்கிறார், யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. இறைச்சி, முட்டை, பால் எல்லாம் அவர் தட்டுக்கு எப்போதாவதுதான் வரும், பிள்ளைகளுக்குப் போட்டது போக. ரத்தத்தில் பி12 வைட்டமின் மிகவும் குறைவு. நீண்ட நாள் மெட்ஃபார்மின் சாப்பிடுகிறவர்களுக்கு இது வரக்கூடும். (அதற்காக மாத்திரையை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். பி12 பார்க்கச் சொல்லி உங்கள் டாக்டரிடம் கேளுங்கள், போதும்.) ஊசி போட்டோம். நாலு மாதத்தில் திரும்பத் திரும்பக் கேட்பது பெரும்பாலும் நின்றது. கால் மரப்பு முழுவதும் போகவில்லை. ஒரு வருடம் முன்னால் வந்திருந்தால் அதுவும் போயிருக்கலாம்.

தைராய்டு குறைந்தால் இப்படி வரும். மனச்சோர்வில் வரும். புருஷன் இறந்த பிறகு எதையும் மறந்துபோகும் பெரியவர்களில் சிலருக்கு நோய் ஞாபகத்தில் இல்லை, துக்கத்தில் இருக்கிறது. வண்டியிலிருந்து லேசாக விழுந்து, தலையில் ஒரு புடைப்பு வந்து அடங்கி, மூன்று நாலு வாரம் கழித்து மெல்லத் தடுமாற ஆரம்பிப்பவர்களுக்கு மண்டையோட்டுக்குள் ரத்தம் கட்டியிருக்கலாம். முக்கியமாக ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்கள். ஸ்கேனில் தெரிந்துவிடும், ஆபரேஷனில் பலர் பழையபடி ஆகிவிடுகிறார்கள்.

சித்திரை, வைகாசியில் இன்னொன்று பார்ப்போம். நேற்று வரை சரியாக இருந்த பெரியவர், இன்று பகலில் தூங்குகிறார், ராத்திரி எழுந்து உளறுகிறார். இது மறதி நோய் இல்லை, திடீர்க் குழப்பம். வேலூர் வெயிலைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. பி.பி.க்கு நீர் மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு அந்த வெயிலில் உடம்பின் உப்பும் நீரும் குறைந்திருக்கும், அல்லது சிறுநீரில் கிருமி இருக்கும். இதற்கு அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும், ஞாயிறு கழியட்டும் என்று இருக்கக் கூடாது.

மாத்திரைகளைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இதில் நானே தவறியிருக்கிறேன். தொடக்க காலத்தில் ராணிப்பேட்டையிலிருந்து வந்த ஒரு ரிட்டயர்டு வாத்தியாருக்கு மறதி நோய் என்றே எழுதிவிட்டேன். அடுத்த முறை அவருடைய மருமகள் கொண்டு வந்த பையில், ஆறு வருடத்துக்கு முன்னால் யாரோ எழுதிக்கொடுத்த தூக்க மாத்திரை இருந்தது. பழைய சீட்டைக் காட்டி இன்னும் வாங்கிக்கொண்டிருந்தார்கள். தினமும் சளி மாத்திரை வேறு. கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து நிறுத்தினோம். பேரனுக்கு மறுபடி கணக்குச் சொல்லிக்கொடுக்க ஆரம்பித்துவிட்டார். முதல் நாளே பையைக் கேட்காமல் விட்டது இன்றைக்கும் எனக்கு உறுத்துகிறது.

எல்லாமே இப்படித் திரும்பி விடாது. அதையும் சொல்லியாக வேண்டும். இந்தியாவில் 60 வயதைக் கடந்தவர்களில் சுமார் 88 லட்சம் பேருக்கு டிமென்ஷியா என்கிற மறதி நோய் இருக்கலாம் என்று 2023-ல் வந்த ஒரு கணக்கெடுப்பு சொல்கிறது. இதில் பெரும்பான்மை அல்சைமர் என்ற வகை. என்னிடம் வரும் ஒரு கைத்தறிக்காரர், கைலி நெய்தவர், மகனின் பெயரை மறந்துவிட்டார். தறியில் உட்கார வைத்தால் காலும் கையும் ஓடுகின்றன. அவருக்கு மருந்தால் கொஞ்சம்தான் உதவ முடிகிறது. "தறிய எடுத்துடலாமா, வீட்ல எடமே இல்ல" என்று மகன் கேட்டார். வேண்டாம் என்றேன். தினமும் ஒரு மணி நேரம் உட்காருகிறார். அந்த ஒரு மணி நேரம் அவருக்குப் பதற்றம் இல்லை, வீட்டில் இருப்பவர்களுக்கும் இல்லை.

வயதால் வரும் மறதியும் அல்சைமரும் ஒன்றே அல்ல என்பதற்கும் கண்டெலின் குழு 2013-ல் ஒரு தடயம் கொடுத்தது. அப்போது அவருக்கு 83 வயது. ஹிப்போகேம்பஸில், அல்சைமர் வழக்கமாகத் தொடங்கும் இடத்தைவிட்டு வேறொரு பகுதியில், வயதாக ஆக ஒரு புரதம் குறைகிறது. வயதான எலிகளில் அதைக் கூட்டியபோது ஞாபகம் தேறியது. மனிதனுக்கு மருந்தாக இது இன்னும் வரவில்லை. யாராவது வந்துவிட்டது என்று பாட்டிலில் விற்றால் வாங்காதீர்கள்.

பாட்டில் என்றதும் பிளஸ் டூ பிள்ளைகளின் பெற்றோர் கேட்பது நினைவுக்கு வருகிறது. ஞாபக சக்திக்கு நல்ல டானிக் எது? எந்த டானிக்கையும் நான் எழுதுவதில்லை. இடைவெளி விட்டு நாலு தடவை படித்ததுதான் நிலைக்கும், நத்தைக்கும் அப்படித்தான். படித்தது பதிவதற்குத் தூக்கம் வேண்டும். விடிய விடிய உட்கார வைக்காதீர்கள்.

எப்போது வர வேண்டும்? பெயர் நாக்கு நுனியில் நின்று, சாயங்காலம் ஞாபகம் வந்தால் பரவாயில்லை. அரை மணி நேரத்தில் அதே கேள்வியை மூன்றாம் முறை கேட்டால், முப்பது வருடம் வைத்த குழம்பில் எதற்குப் பிறகு எது என்று தடுமாறினால், ரேஷன் கடையில் சில்லறை எண்ண முடியாமல் நீட்டினால், பழைய பஸ் ஸ்டாண்டிலிருந்து தினமும் வீட்டுக்கு வருகிறவர் ஒருநாள் சத்துவாச்சாரியில் வழி தெரியாமல் நின்றால் கூட்டி வாருங்கள். காது கேட்கிறதா என்றும் பாருங்கள், கேட்காததைப் பாதிப் பேர் மறதி என்று நினைத்துவிடுகிறார்கள்.

வரும்போது வீட்டில் அவர் சாப்பிடும் மாத்திரை எல்லாவற்றையும், லேகியம், சூரணம் உட்பட, ஒரே பையில் போட்டு எடுத்து வாருங்கள். அவரோடு தினமும் இருக்கிறவர் கூட வரட்டும், சென்னையிலிருந்து லீவில் வந்த மகன் மட்டும் போதாது. அவர் முன்னால் அவரைப் பற்றிக் குறை சொல்ல வேண்டாம், அந்தப் பேச்சை வெளியே வந்து என்னிடம் தனியாகச் சொல்லுங்கள். நேரம் ஒதுக்கித் தருகிறேன்.