நியூரோஎண்டோகிரைன் கட்டி: சொல் விளக்கம்

பித்தப்பைக் கல்லுக்காக அறுவை செய்து அகற்றிய பித்தப்பையை நோயியல் ஆய்வகம் நுண்ணோக்கியில் பார்த்த பிறகே, பெரும்பாலும் 'நியூரோஎண்டோகிரைன்' என்ற சொல் நோயாளியின் அறிக்கையில் முதன்முறையாக இடம்பெறுகிறது. வலது மேல்வயிற்று வலி, மஞ்சள் காமாலை ஆகியவற்றுக்கு அப்பால் பித்தப்பையில் எழும் இவ்வகைக் கட்டிக்கெனத் தனி அறிகுறி அரிது. ஸ்கேனிலும் இது பித்தப்பையின் வழக்கமான புற்றுநோயைப் போலவே தெரிகிறது.

சொல்லின் உறுப்புகள் கிரேக்கம். 'நியூரான்' நரம்பையும் நாணையும் குறிக்கும். 'எண்டோன்' என்பது உள்ளே, 'கிரினெய்ன்' என்பது பிரித்தெடுத்தல். பழந்தமிழில் யாழின் தந்திக்கும் நரம்பு என்றே பெயர் என்பதால், முதல் உறுப்புக்கு நம் சொல் மிக இயல்பாகவே பொருந்துகிறது. நரம்பணுக்களின் சில இயல்புகளைக் கொண்டு, தாம் சுரக்கும் இயக்குநீரை (ஹார்மோனை) நேரே இரத்தத்தில் சேர்க்கும் உயிரணுக்களிலிருந்து எழும் கட்டி என்பதே முழுப் பொருள்.

ஜெர்மானிய நோயியலாளர் சீக்ஃபிரீட் ஓபர்ன்டோர்ஃபர் சிறுகுடலில் கண்ட இத்தகைய கட்டிகளுக்கு 1907இல் 'கார்சினாய்டு', அதாவது புற்றுநோயை ஒத்தது, என்று பெயரிட்டார். அவை தீங்கற்றவை என்ற எண்ணத்தை அந்தப் பெயர் நெடுங்காலம் ஊட்டியது. அவை பரவக்கூடும் என்று 1929இல் அவரே திருத்தி எழுதியும், பெயர் நிலைத்துவிட்டது.

தமிழில் 'நரம்பு நாளமில்லாச் சுரப்பிக் கட்டி' என்று எழுதுவது உண்டு. ஆனால் சுரப்பி என்பது ஓர் உறுப்பு. இங்கே பேசப்படுவதோ ஆங்காங்கே சிதறிக் கிடக்கும் உயிரணுக்கள். பித்தப்பையின் உட்சவ்வில் அவை இயல்பாகப் பெரும்பாலும் இருப்பதே இல்லை. கற்களால் நீடிக்கும் அழற்சியில் அச்சவ்வு குடலின் சவ்வைப் போல உருமாறும்போது அவை தோன்றுகின்றன என்பது பலரும் ஏற்கும் விளக்கம். எனவே 'நரம்பு அகச்சுரப்புக் கட்டி' என்பதே சரியான சொல் எனக் கருதுகிறேன். இலங்கைப் பாடநூல்களின் 'அகஞ்சுரக்கும்' என்ற வழக்கும் இதற்குத் துணை நிற்கிறது.

'கட்டி' என்ற ஈற்றுச் சொல்லை 'புற்றுநோய்' என்று மாற்றும்போது மிகுந்த கவனம் தேவை. முதிர்ந்த, அதாவது இயல்பானவற்றை ஒத்த, உயிரணுக்கள் கொண்டது நரம்பு அகச்சுரப்புக் கட்டி. முதிராதது நரம்பு அகச்சுரப்புப் புற்றுநோய். பித்தப்பையில் பின்னதே மிகுதி. குரோமோகிரானின், சினாப்டோஃபைசின் என்னும் புரதங்களைக் காட்டும் சாயச் சோதனைகள் இவ்வினத்தை உறுதிசெய்கின்றன. பெருகிக்கொண்டிருக்கும் உயிரணுக்களின் பங்கைக் காட்டும் கி-67 அளவு 3 விழுக்காட்டுக்குக் குறைந்தால் முதல் தரம், 20 வரை இரண்டாம் தரம். அதற்கு மேற்பட்டால் எண் மட்டும் போதாது, ஏனெனில் முதிர்ந்த கட்டியும் மூன்றாம் தரமாக இருக்கலாம். அங்கே உயிரணுக்களின் தோற்றமே தீர்ப்புச் சொல்லும்.

சிகிச்சையும் இந்தப் பிரிவினையின் வழியே செல்கிறது. சவ்வளவில் நிற்கும் சிறிய, முதிர்ந்த கட்டிக்குப் பித்தப்பையை அகற்றுவதே போதுமானதாகலாம். ஆழமாக ஊடுருவியிருந்தால் ஒட்டியுள்ள கல்லீரல் பகுதியையும் நிணநீர்க் கணுக்களையும் சேர்த்து அகற்றுவார்கள். பரவிய முதிர்ந்த கட்டியில் சோமாடோஸ்டாடின் என்ற இயக்குநீரின் ஏற்பிகள் இருப்பதைக் காலியம் பெட் ஸ்கேன் காட்டினால், அந்த ஏற்பிகளில் செயல்படும் ஆக்ட்ரியோடைடு அல்லது லான்ரியோடைடு ஊசியும், சிலருக்கு லூட்டீசியம்-177 கதிரியக்க மருத்துவமும் உதவும். முதிராத புற்றுநோய்க்கோ சிஸ்பிளாட்டின் அல்லது கார்போபிளாட்டினுடன் எட்டோபோசைடு சேர்ந்த வேதிச்சிகிச்சையே முதல் தேர்வு.