மெய்நிகர் விளையாட்டு அன்பளிப்பு: சொல்லும் பொருளும்

தலையில் மாட்டும் கருவி வழியே, கணினி உருவாக்கிய உலகத்துக்குள் இருப்பதுபோல் உணரவைப்பது விர்ச்சுவல் ரியாலிட்டி, சுருக்கமாக வி.ஆர். இதற்குத் தமிழில் இன்று பரவலாக வழங்கும் சொல் மெய்நிகர். வி.ஆர். கேம் என்பது மெய்நிகர் விளையாட்டு. அதை நண்பருக்கோ வீட்டாருக்கோ வாங்கிக் கொடுத்தால் அது மெய்நிகர் விளையாட்டு அன்பளிப்பு. ஏன் ‘மாய’ என்று சொல்லாமல் ‘மெய்நிகர்’ என்கிறோம், ஏன் ‘பரிசு’ என்பதைவிட ‘அன்பளிப்பு’ பொருத்தம் என்பதைப் பார்த்துவிட்டு, வாங்கும் முறைக்குப் போவோம். இரண்டுக்கும் தொடர்பு உண்டு.

விர்ச்சுவல் என்ற ஆங்கிலச் சொல்லின் வேர் லத்தீன். அதில் ‘விர்’ என்றால் ஆண். ‘விர்ட்டுஸ்’ என்றால் ஆண்மை, வீரம், பிறகு நற்பண்பு, ஆற்றல். தமிழில் ‘ஆண்மை’யும் வீரம், ஆளும் தன்மை என்று கிட்டத்தட்ட அதே வழியில்தான் விரிந்தது. இடைக்கால லத்தீனில் ‘விர்ட்டுவாலிஸ்’ என்பது ஒன்றின் ஆற்றலை உடையது என்று பொருள்பட்டது. ஆங்கிலத்துக்கு வந்தபின் பொருள் இன்னும் கூர்மையானது: வடிவத்தில் அது இல்லை, பயனில் அதுவே. ஒளியியலில் இதைத் தெளிவாகக் காணலாம். நிலைக்கண்ணாடிக்குப் பின்னால் தெரியும் உருவத்தின் இடத்துக்கு ஒளிக்கதிர் போவதே இல்லை. ஆனாலும் கண்ணுக்கு உருவம் அங்கேதான் இருக்கிறது. பள்ளிப் பாடநூல்கள் இதை மாய பிம்பம் என்றன. 1950களின் இறுதியில் கணினித் துறை இந்தச் சொல்லை எடுத்துக்கொண்டு விர்ச்சுவல் மெமரி என்றது. இல்லாத நினைவகத்தை இருப்பதுபோல் நிரலுக்குக் காட்டும் ஏற்பாடு அது.

விர்ச்சுவல் ரியாலிட்டி என்ற தொடர் கணினிக்கு முந்தியது. பிரெஞ்சு நாடகக்காரர் அந்தோனன் ஆர்த்தோ 1938இல் வந்த தம் நூலில், மேடையில் உருவாகும் உலகத்தைக் குறிக்க இதன் பிரெஞ்சு வடிவத்தைப் பயன்படுத்தினார். இன்றைய பொருளில் அதை ஊரறியச் செய்தவர், 1980களில் வி.பி.எல். ரிசர்ச் நிறுவனத்தை நடத்திய ஜாரன் லேனியர். கருவிக்கோ இன்னும் வயது அதிகம். இரண்டு கண்ணுக்கும் சற்றே வேறுபட்ட படங்களைக் காட்டி ஆழம் தோன்றச் செய்யலாம் என்று சார்ல்ஸ் வீட்ஸ்டன் 1838இலேயே விளக்கிவிட்டார். தலை திரும்பினால் காட்சியும் திரும்பும் கருவியை ஐவன் சதர்லாந்து 1968இல் கட்டினார். அதன் எடையைத் தலை தாங்காது என்பதால் கூரையிலிருந்து தொங்கவிட்டிருந்தார்கள்.

தமிழில் இதற்குப் பல சொற்கள் முயன்று பார்க்கப்பட்டன. ‘மாய உண்மை’ கேட்க நன்றாக இருந்தாலும் மாயம் என்றதும் ஏமாற்று, பொய் என்ற வாடை வந்துவிடுகிறது. பந்தைத் தட்டக் கை வீசுகிறோம். பந்துதான் இல்லை, வீசிய கையும் வழிகிற வியர்வையும் உண்மை. 2001இல் தொடங்கிய தமிழ் விர்ச்சுவல் யுனிவர்சிட்டிக்கு ‘தமிழ் இணையப் பல்கலைக்கழகம்’ என்று பெயரிட்டபோது, விர்ச்சுவல் என்பது ‘இணைய’ ஆனது. அங்கே அது பொருத்தம், ஏனென்றால் பாடம் இணையம் வழியே வந்தது. இலங்கைத் தமிழில் ‘நிகழ்நிலை’ என்பது ஆன்லைனைக் குறிக்கிறது. இவை இரண்டும் வி.ஆருக்கு ஒத்துவராது: பல மெய்நிகர் விளையாட்டுகளை இறக்கி வைத்துவிட்டால் இணையமே இல்லாமல் ஆடலாம்.

‘மெய்நிகர்’ நிலைத்ததற்குக் காரணம் ‘நிகர்’. நன்னூல் உவம உருபுகளை அடுக்கும்போது ‘நேர, நிகர’ என்று இதையும் சேர்க்கிறது. நிகர் என்றால் ஒப்பு. அதுவே ஆகிவிட்டது என்று அது சொல்வதில்லை, பொய் என்று தள்ளுவதுமில்லை. விர்ச்சுவலின் ‘வடிவில் இல்லை, பயனில் உண்டு’ என்ற பொருளுக்கு இதைவிட நெருக்கமான சொல் கிடைப்பது அரிது. ‘மெய்’யும் சும்மா வரவில்லை. அதற்கு உண்மை என்றும் பொருள், உடம்பு என்றும் பொருள். கையும் கழுத்தும் முழங்காலும் வேலை செய்யும் ஆட்டத்துக்கு உடம்பைக் குறிக்கும் சொல்லே வாய்த்தது தற்செயல்தான் என்றாலும் நல்ல தற்செயல்.

எழுத்துமுறை பற்றி ஒரு குறிப்பு. மெய்ஞ்ஞானம் போல ‘மெய்ந்நிகர்’ என்று ஒற்று இரட்டித்து எழுதுவோர் உண்டு. ‘மெய்நிகர்’ என்று எழுதுவோரும் உண்டு. தனிக்குறிலை அடுத்த யகர ஒற்றுக்குப் பின் மெல்லினம் ‘மிகலுமாம்’ என்றுதான் நன்னூல் சொல்கிறது. மிகுந்தே ஆக வேண்டும் என்று சொல்லவில்லை. ஆகவே இரண்டும் சரி. ‘மெய்நிகர் உண்மை’ என்பதுதான் நெருடல்: மெய்யும் உண்மையும் ஒரே பொருளில் அடுத்தடுத்து நிற்கின்றன. பெயர்ச்சொல் வேண்டுமானால் ‘மெய்நிகர் உலகம்’ போதும். கண்முன் உள்ள அறையின்மேல் படத்தை ஏற்றிக் காட்டும் ஏ.ஆருக்கு ‘மிகை மெய்ம்மை’ என்றும், இரண்டும் கலந்ததற்குக் ‘கலப்பு மெய்ம்மை’ என்றும் சொல்கிறார்கள்.

தலையில் மாட்டும் ஹெட்செட்டைத் ‘தலையணி’ என்று சிலர் எழுதுகிறார்கள். சொல் சரியானதுதான், ஆனால் வேகமாகப் படிப்பவர் கண்ணில் தலையணையாகத்தான் விழும். ஹெட்செட், கையில் பிடிக்கும் கருவிக்குக் கன்ட்ரோலர் என்று தமிழ் எழுத்தில் எழுதிவிடுவதே நல்லது.

இனி ‘பரிசு’. பழந்தமிழில் பரிசு என்றால் தன்மை, விதம் என்றும் பொருள் உண்டு. புலவர் பெற்றது பரிசில். இன்று ஒரே சொல் இரண்டு வேலை செய்கிறது: போட்டியில் வென்று பெறுவதும் பரிசு, பிறந்தநாளுக்குக் கொடுப்பதும் பரிசு. ‘விளையாட்டுப் பரிசு’ என்று எழுதினால் ஆட்டத்தில் ஜெயித்துக் கிடைத்ததா, ஆட்டத்தையே யாரோ கொடுத்ததா என்ற குழப்பம் வரும். அன்பளிப்பு என்றால் அந்தக் குழப்பம் இல்லை.

ஆனால் இங்கே அளிப்பது எதை? பெட்டியும் வட்டும் பெரும்பாலும் கிடையாது. பெறுபவரின் கணக்கில் ஒரு உரிமம் ஏறுகிறது, அவ்வளவுதான். வாங்குவது உரிமம்தான் என்று, கணினி விளையாட்டுகளை விற்கும் இணையக் கடையான ஸ்டீம் 2024 முதல் பணம் கட்டும் இடத்திலேயே சொல்லிவிடுகிறது. அதாவது அன்பளிப்பும் மெய்நிகர்தான்: பொருளாக இல்லை, பயனாக இருக்கிறது. நடக்கும் தவறுகளில் பெரும்பாலானவை இதை மறப்பதால் வருபவை. சட்டை அளவு தவறினால் மாற்றிக்கொள்ளலாம்; உரிமம் தவறான கணக்கிலோ தவறான கடையிலோ ஏறிவிட்டால் அடுத்தவருக்குக் கைமாற்ற வழி இல்லை.

அடிக்கடி நேரும் தவறு கடையைப் பற்றியது. பெறுபவரிடம் மெட்டா நிறுவனத்தின் ஹெட்செட்டான குவெஸ்ட் இருக்கிறது. கொடுப்பவர் தமக்குப் பழக்கமான ஸ்டீமில் வாங்கி அனுப்புகிறார். ஸ்டீம் பிரதி ஓடுவது கணினியில். குவெஸ்ட்டில் அதை ஆட வேண்டுமானால் மெய்நிகர் ஆட்டத்தைத் தாங்கும் கிராபிக்ஸ் அட்டை உள்ள கணினி வேண்டும். அதோடு கம்பியிலோ நல்ல வைஃபையிலோ இணைக்க வேண்டும். கணினி இல்லாதவருக்கு அந்த அன்பளிப்பு கணக்கில் சும்மா கிடக்கும். ஹெட்செட்டிலேயே நேராக ஓட வேண்டும் என்றால் மெட்டா கடையில்தான் வாங்க வேண்டும். அங்கேயும் மாடல் பார்க்க வேண்டும்: குவெஸ்ட் 3, 3எஸ் இரண்டிலும் மட்டும் ஓடி, குவெஸ்ட் 2இல் ஓடாத விளையாட்டுகள் வந்துவிட்டன. சோனியின் விளையாட்டுக் கருவியான பிளேஸ்டேஷனிலும் இதே கதை. அதன் முதல் ஹெட்செட்டான பி.எஸ். வி.ஆருக்காக வந்த விளையாட்டு, அடுத்த ஹெட்செட்டான பி.எஸ். வி.ஆர்.2க்கான புதுப்பிப்போ தனிப் பதிப்போ இல்லையென்றால் அதில் ஓடாது.

ஆகவே முதலில் தெரிந்துகொள்ள வேண்டியவை: ஹெட்செட்டின் சரியான மாடல், அவர் எந்தக் கடையில் வாங்குகிறார், எந்த நாட்டுக் கணக்கு. ரகசியமாக வாங்க நினைத்தால், வீட்டில் இன்னொருவரிடம் ஹெட்செட்டைப் படம் எடுத்து அனுப்பச் சொன்னாலே பாதி தெரிந்துவிடும்.

ஸ்டீமில் முறை இப்படி. பெறுபவர் உங்கள் ஸ்டீம் நண்பர் பட்டியலில் இருக்க வேண்டும். மின்னஞ்சலுக்கு அனுப்பும் பழைய வழி 2017இல் நின்றுவிட்டது. விளையாட்டைக் கூடையில் போட்டு, அது உங்கள் கணக்குக்கல்ல, பரிசு என்று தேர்ந்தெடுத்து, நண்பரைக் குறித்து, வாழ்த்து எழுதி, போய்ச்சேர வேண்டிய நாளையும் வைத்துவிடலாம். ஏற்கெனவே வைத்திருப்பவர் யார் என்பதைப் பட்டியலே காட்டிவிடும். பெறுபவர் வேண்டாம் என்று மறுத்தால் பணம் உங்களுக்கே திரும்பும். அவர் ஏற்றுக்கொண்ட பிறகும் வாங்கி 14 நாளுக்குள், 2 மணி நேரத்துக்குக் குறைவாக ஆடியிருந்தால் அவர் வழியாகத் திரும்பக் கேட்கலாம். பணம், விளையாட்டை வாங்கி அனுப்பியவருக்கு வரும். இரண்டு நாடுகளுக்கிடையே அந்த விளையாட்டின் விலை மிகவும் வேறுபட்டால் ஸ்டீம் அனுப்பவே விடாது. வெளிநாட்டில் இருப்பவர் வீட்டுக்கு அனுப்ப முயலும்போது இது இடிக்கும். உங்கள் தொகுப்பில் ஏற்கெனவே சேர்ந்துவிட்ட விளையாட்டைப் பின்னால் எடுத்துக் கொடுக்கவும் முடியாது.

மெட்டா கடையில் விளையாட்டுப் பக்கத்திலேயே நண்பருக்கு வாங்கும் வசதி இருக்கிறது. மின்னஞ்சல் முகவரி கொடுத்தால் குறியீடு ஒன்று அவருக்குப் போகும்; அதை அவர் தம் மெட்டா கணக்கில் உள்ளிட வேண்டும். இதைத்தான் ரிடீம் என்கிறார்கள். தமிழில் ‘குறியீட்டை உள்ளிட்டுப் பெறுதல்’ என்றால் புரியும். அந்த மின்னஞ்சல் ஸ்பேம் பெட்டிக்குள் விழுவதும் உண்டு, எனவே அனுப்பிய பிறகு ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். ஹெட்செட்டுக்குள் கண்ணாடி வழியே நீண்ட குறியீட்டைத் தட்டுவது பெரும் சிரமம். கைப்பேசிச் செயலியில் ஒட்டுவது நொடியில் முடியும்.

ஒரே ஹெட்செட்டை வீட்டில் பலர் பகிர்ந்தால் யார் கணக்கில் ஏறுகிறது என்பது முக்கியம். குவெஸ்ட்டில் நிர்வாகிக் கணக்கில், அதாவது ஹெட்செட்டை முதலில் அமைத்தவரின் கணக்கில், உள்ள விளையாட்டுகளை அதே ஹெட்செட்டில் உள்ள மற்றக் கணக்குகளும் ஆட வழி செய்யலாம். மற்றக் கணக்கில் வாங்கியது நிர்வாகிக்குக் கிடைக்காது. தம்பிக்கு வாங்கினாலும் அக்காவின் நிர்வாகிக் கணக்கில் ஏற்றினால் இருவருக்கும் பயன்படும். தம்பி பின்னால் சொந்தமாக ஹெட்செட் வாங்கிவிட்டால் விளையாட்டு அக்காவிடமே தங்கிவிடும் என்பதையும் நினைவில் வைத்து முடிவெடுக்க வேண்டும்.

பிளேஸ்டேஷனில் தனி விளையாட்டை இன்னொருவருக்கு அனுப்புவதற்குப் பதில் பணமதிப்பு அட்டை கொடுப்பதே வழக்கம். அட்டை எந்த நாட்டுக் கடைக்கானதோ அந்த நாட்டுக் கணக்கில்தான் செல்லும். எந்தக் கடையாக இருந்தாலும் கூடுதல் பாடல் தொகுப்பு, கூடுதல் கட்டம் போன்றவற்றைக் கொடுக்கும்முன் மூல விளையாட்டு அவரிடம் இருக்கிறதா என்று பாருங்கள். தனியாக அவை ஓடாது.

இப்போது ‘மெய்’யின் இன்னொரு பொருளுக்கு, உடம்புக்கு, வருவோம். முதன்முதலாக ஆடுபவருக்குத் தலைசுற்றல் வரக் காரணம், கண் ‘நகர்கிறோம்’ என்கிறது, உள்காதின் சமநிலை உறுப்பு ‘நிற்கிறோம்’ என்கிறது. கன்ட்ரோலரில் உள்ள கட்டைவிரல் குச்சியைத் தள்ளி நடக்கும் விளையாட்டு, வண்டி ஓட்டுவது, பறப்பது ஆகியவற்றில் இது அதிகம். நின்ற இடத்தில் கை வீசி ஆடுவதிலும், குறித்த இடத்துக்குத் தாவிச் செல்வதிலும் மிகக் குறைவு. மெட்டா கடை ஒவ்வொரு விளையாட்டுக்கும் வசதியானது, மிதமானது, தீவிரமானது என்று தரம் போட்டிருக்கிறது. புதியவருக்கு முதல் தரத்திலேயே வாங்குங்கள். முதல் நாளே குமட்டல் வந்தவர் ஹெட்செட்டை மறுபடி கையில் எடுக்க மாட்டார்; அன்பளிப்பு அங்கேயே முடிந்தது.

இடமும் வேண்டும். அறையில் நடந்து ஆடுவதற்கு மெட்டா பரிந்துரைப்பது 2 மீட்டருக்கு 2 மீட்டர். ஸ்டீமின் குறைந்தபட்ச அளவு 2க்கு 1.5. கை மேலே போகும் விளையாட்டில் தொங்கும் விளக்கும் மின்விசிறியும் அடிவாங்கும், விரலும் வாங்கும். இடம் குறைவான வீட்டுக்கு உட்கார்ந்து ஆடுவதையே தேர்ந்தெடுங்கள்; கடைப் பக்கத்தில் அமர்ந்து, நின்று, அறையளவு என்று குறித்திருப்பார்கள். வயதும் கவனிக்க வேண்டியது: மெட்டாவில் 10 முதல் 12 வயதுப் பிள்ளைகளுக்குப் பெற்றோர் மேற்பார்வையில் உள்ள கணக்கு வேண்டும், அதற்குக் கீழ் கிடையாது, பி.எஸ். வி.ஆர்.2க்கு வரம்பு 12. ஆங்கிலம் படிக்கச் சிரமப்படும் பெரியவருக்கு, எழுத்துக் குறைவான தாள ஆட்டமோ மேசைப்பந்தோ வாங்கலாம். கதை விளையாட்டில் மெனுவிலேயே நின்றுவிடுவார்.

வாழ்த்துக் குறிப்பில் தேவையானதைச் சேர்த்து இப்படி எழுதலாம்: “அத்தை, உங்கள் குவெஸ்ட் 3க்கு ஒரு மெய்நிகர் விளையாட்டு அனுப்பியிருக்கிறேன். குறியீடு மின்னஞ்சலில் இருக்கும். கைப்பேசியில் ஒட்டினால் போதும். உட்கார்ந்தே ஆடலாம். முதல் நாள் பத்து நிமிடத்துக்கு மேல் வேண்டாம்.”