டெம்போ நாபை மேப் செய்துவிட்டு மேடை ஏறுகிறவர்களுக்கு

லேப்டாப்பிலிருந்து டிராக்கும் (முன்பே பதிவு செய்த இசை) கிளிக்கும் (வாசிப்பவர் காதுக்கு மட்டும் போகும் தாள ஒலி) ஓட்டிக்கொடுப்பது என் தொழில். மெல்லிசைக் கச்சேரி, கல்லூரி விழா, நாட்டிய நிகழ்ச்சி எதுவானாலும் மேடை ஓரத்தில் ஒரு மிடி கன்ட்ரோலரோடு, அதாவது சாஃப்ட்வேரை இயக்கும் பட்டனும் நாபும் (திருகு குமிழ்) உள்ள பெட்டியோடு, உட்கார்ந்திருப்பேன். இந்த வேலைக்குப் புதிதாக வருகிற தம்பிகள் அதிகம் கேட்பது, "அண்ணா, டெம்போவை ஒரு நாப்ல எப்படிப் போடுறது?" என்பதைத்தான். பாட்டின் வேகத்தை, அதாவது டெம்போவை, இப்படி ஒரு நாபோடு இணைப்பதைத்தான் மேப் செய்வது என்கிறோம். அது அரை நிமிட வேலை. ஏபிள்டன் லைவ் என்ற இசை சாஃப்ட்வேர் என்றால் மிடி மேப் பட்டனை அழுத்தி, திரையில் டெம்போ எண்ணைத் தொட்டு, நாபைத் திருப்பினால் முடிந்தது. அப்புறம் செய்ய வேண்டிய வேலைகளை யாரும் சொல்லிக்கொடுப்பதில்லை. மேடையில் நான் பார்க்கிற குழப்பங்களில் பாதி அங்கேதான் பிறக்கிறது.

வால்யூம் நாபில் கை பட்டால் ஒரு சத்தம் கூடும் அல்லது குறையும், சமாளித்துவிடலாம். டெம்போவில் கை பட்டால் டிரம்மர் காதில் ஓடும் கிளிக், டிராக்கில் வரும் கோரஸ், டிலே எஃபெக்ட், லேப்டாப்பிலிருந்து கிளாக் (தாளத் துடிப்பு) வாங்கி ஸ்வரங்களைத் தானே அடுக்கி வாசிக்கும் கீபோர்டின் ஆர்பெஜியேட்டர் என அத்தனையும் ஒன்றாக நகரும். பாடுகிறவர் மூச்சு எடுக்க வைத்திருந்த இடமே பறிபோகும். சாஃப்ட்வேரில் மேடையிலுள்ள எல்லாரையும் ஒரே நேரத்தில் தொடுகிற கன்ட்ரோல் இது. அதற்குரிய பாதுகாப்போடுதான் இதைக் கையில் எடுக்க வேண்டும்.

முதலில் கணக்கைப் பார்த்துவிடலாம். இசைக் கருவிகளும் கணினியும் பேசிக்கொள்ளும் மொழியான மிடி 1983ல் வந்தது. அன்று வகுத்தபடியே இன்றும் நாப் அனுப்பும் சாதாரண கன்ட்ரோல் சேஞ்ச் (சிசி) செய்தியில் மதிப்பு 0 முதல் 127 வரைதான், மொத்தம் 128 படிகள். லைவில் டெம்போ 20 முதல் 999 பிபிஎம் (நிமிடத்துக்கு இத்தனை பீட்) வரை போகும். இந்த முழு வீச்சையும் ஒரு நாபுக்குக் கொடுத்தால் ஒரு படிக்கு ஏறக்குறைய 7.7 பிபிஎம் வரும். அந்த நாபில் 97.1க்கு அடுத்த படி 104.8. நடுவில் எதுவும் கிடையாது. 100ல் ஓடுகிற ஒரு மெலடியைக் கொஞ்சம் உற்சாகமாக்கலாம் என்று நினைத்து விரலை அசைத்தால், பாட்டு குதிக்கும். திரும்பி 100க்கு வரவும் வழியில்லை.

அதனால் மேப் செய்தவுடன் மேப்பிங் பட்டியலைத் திறந்து மினிமம், மேக்ஸிமம் இரண்டையும் பாருங்கள். 60 முதல் 187 வரை என்று வைத்தால் வித்தியாசம் 127. படிக்குச் சரியாக 1 பிபிஎம் கிடைக்கும், கணக்கு வைத்துக்கொள்ளவும் சுலபம். ஒரே வேகத்தில் போகிற நிகழ்ச்சி என்றால் இன்னும் இறுக்கலாம். 96 முதல் 104 வரை வைத்தால் ஒரு படிக்கு 0.06 பிபிஎம்தான். நாபை முழுதாகச் சுற்றினாலும் பாட்டு 8 பிபிஎம்முக்குள் அடங்கிக் கிடக்கும். டிராக்குக்கு ஆடுகிற நாட்டிய நிகழ்ச்சிகளில் நான் இப்படித்தான் வைக்கிறேன். ஆடுகிறவர் களைத்திருக்கிறார், கொஞ்சம் தளர்த்து என்று ஆசிரியர் ஓரத்திலிருந்து ஜாடை காட்டினால் அந்த அளவு இடம் போதும். அதற்கு மேல் போனால் காலப்பிரமாணம் கெட்டது என்று சபையில் உட்கார்ந்திருப்பவருக்கே தெரிந்துவிடும்.

அடுத்தது டேக்ஓவர், அதாவது நாபின் இடமும் சாஃப்ட்வேரிலுள்ள மதிப்பும் வேறாக இருக்கும்போது என்ன நடக்க வேண்டும் என்ற அமைப்பு. இதைப் பற்றிப் பேசாமல் யாரும் மேடை ஏறக்கூடாது என்பேன். சாதாரண நாபுக்குத் தன் இடம் மட்டும்தான் தெரியும். சாஃப்ட்வேரில் இப்போது என்ன டெம்போ ஓடுகிறது என்று தெரியாது. பாட்டு 100ல் ஓடுகிறது, நாப் நடுவில், 64ல் நிற்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். வீச்சு 20 முதல் 999, டேக்ஓவர் 'நன்' (எதுவும் இல்லை) என்ற அமைப்பில் இருக்கிறது. நாபில் சட்டை உரசினால் போதும், டெம்போ 500ஐத் தாண்டிவிடும். லைவில் இதற்கு 'பிக்கப்', 'வேல்யூ ஸ்கேலிங்' என்று இரண்டு மாற்று உண்டு. பிக்கப்பில், நாப் இப்போதைய டெம்போவைக் கடந்து போகும்வரை ஒன்றும் நடக்காது. வேல்யூ ஸ்கேலிங் மெதுவாக இழுத்துக்கொண்டு போய்ச் சேர்க்கும். கை போன தூரமும் டெம்போ போன தூரமும் வேறாக இருப்பதால் எனக்கு அது ஒத்துவராது. டெம்போவுக்குப் பிக்கப்தான் என் தேர்வு.

ஆனால் ஒரு கச்சேரியில் 72ல் ஒரு தாலாட்டு, 140ல் ஒரு குத்துப்பாட்டு என்று மாறி மாறி வரும். அங்கே இரு கோடிகளுக்கு நடுவே மட்டும் திரும்பும் சாதாரண நாப் உதவாது. ஒவ்வொரு பாட்டின் சீனிலும் (லைவில் ஒரே தட்டில் சேர்ந்து எழும் கிளிப்களின் வரிசை) டெம்போவை எழுதி வைத்துவிடுங்கள். சீனைத் தட்டினால் பாட்டு தன் வேகத்தில் எழும். நடுவில் சிறு திருத்தத்துக்கு மட்டும் முடிவில்லாமல் சுற்றும் என்கோடரைப் பயன்படுத்துங்கள். அது இடத்தைச் சொல்லாது, 'ஒன்று கூட்டு, ஒன்று குறை' என்று மட்டும் சொல்லும். அதனால் குதிப்புக்கு வழியில்லை. ஒரே சிக்கல், இந்தச் செய்தியை ஒவ்வொரு கருவியும் ஒவ்வொரு விதமாக அனுப்பும். சிலது கூட்ட 1, குறைக்க 127 அனுப்பும். சிலது 65, 63 அனுப்பும். முதல் வகைக் கருவியைச் சாஃப்ட்வேர் சாதாரண நாப் என்று எடுத்துக்கொண்டால், வலப்பக்கம் ஒரு சொடுக்கு திருப்பியதும் டெம்போ தரைக்கு விழும், இடப்பக்கம் திருப்பினால் உச்சிக்குப் போகும். கருவி கெட்டுவிட்டது என்று கடைக்குத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டாம், மேப்பிங்கில் ரிலேட்டிவ் வகையை மாற்றினால் சரியாகிவிடும். ரீப்பர் என்ற சாஃப்ட்வேரைப் பயன்படுத்துகிறவர்களுக்கு இன்னும் நிம்மதி. டெம்போவை 1 பிபிஎம் கூட்டவும் குறைக்கவும் தனித்தனி ஆக்ஷன்கள் அதில் உண்டு, இரண்டு பட்டன்களுக்குக் கட்டிவிட்டால் நாபே தேவையில்லை.

இனி, கேட்காமலே வருகிற செய்திகள். ஒரு திருமண வரவேற்புக் கச்சேரியில் பார்த்தது இது. டெம்போவை மேப் செய்தவர் சேனல் 1ல் சிசி 1ஐக் கொடுத்திருந்தார். கீபோர்டுகளின் மாடுலேஷன் வீல் அனுப்புவதும் சிசி 1தான். கீபோர்டும் அதே லேப்டாப்பில் யுஎஸ்பி வழியாக இணைந்திருந்தது, அந்தப் போர்ட்டுக்கு ரிமோட்டும் (வெளிக் கருவி சாஃப்ட்வேரை இயக்க விடும் சுவிட்ச்) ஆன். இரண்டாவது இடையிசையில் கீபோர்டில் வயலின் ஒலியை வாசிக்க வந்த கலைஞர், நீண்ட ஸ்வரத்துக்கு அசைவு கொடுக்க வீலை மேலே தள்ளினார். வயலினோடு சேர்ந்து கிளிக்கும் ஓட ஆரம்பித்தது. அவர் வீலை இறக்கியதும் கிளிக் நத்தை வேகத்துக்கு வந்தது. டிரம்மர் ஹெட்போனைக் கழற்றிக் கழுத்தில் போட்டுக்கொண்டு, டிராக்கை நிறுத்தச் சொல்லிக் கையைக் காட்டிவிட்டு, மிச்சப் பாட்டைத் தானே பிடித்துக்கொண்டு போனார். அன்றைக்கு மானம் காத்தது அவர்தான்.

டெம்போவுக்கு வேறு யாரும் தொடாத சேனலையும் எண்ணையும் ஒதுக்குங்கள். ரிமோட் தேவையில்லாத போர்ட்டுகளில் அதை அணைத்து வையுங்கள். சில கன்ட்ரோலர்கள் பிரீசெட் மாற்றும்போது எல்லா நாப்களின் இடத்தையும் மொத்தமாக அனுப்பிவிடும், அதையும் தெரிந்து வைத்திருக்க வேண்டும். தூசியும் வியர்வையும் ஏறிய பழைய நாப், தொடாமலே இரண்டு மதிப்புகளுக்கிடையே துடித்துக்கொண்டிருக்கும். வால்யூமில் அது காதுக்குத் தெரியாது. டெம்போவில் கிளிக் நடுங்கும்.

டெம்போ சரியாக நகர்ந்தும் டிராக் கூட வராமல் போவதுண்டு. லைவில் ஒரு ஆடியோ கிளிப்பில் வார்ப் (டெம்போவுக்கேற்பப் பதிவை நீட்டிச் சுருக்கும் வசதி) அணைந்திருந்தால், அது பதிவான வேகத்திலேயே போகும். கிளிக் 104, கோரஸ் 100 என்று ஆகிவிடும். வார்ப் ஆனில் இருந்தாலும் முறையைப் பாருங்கள். ரீ-பிட்ச் முறையில் வேகத்தோடு சுருதியும் ஏறும். 100ஐ 106 ஆக்கினால் ஏறக்குறைய அரைக்கட்டை கூடிவிடும். மேடையில் வீணையோ புல்லாங்குழலோ இருந்தால் கதை முடிந்தது. குரலுக்கு காம்ப்ளெக்ஸ் ப்ரோ, தாளக் கருவிகளுக்கு பீட்ஸ் என்று வைப்பது என் வழக்கம். முன்னது பிராசஸரை அதிகம் தின்னும் என்பதால் எல்லா டிராக்குக்கும் போட்டுவிடாதீர்கள்.

டேப் டெம்போவை, அதாவது தாளத்தோடு தட்டி வேகம் பிடிப்பதை, நம்பி இருப்பவர்களுக்கு ஒரு கணக்கு. 100 பிபிஎம்மில் ஒரு பீட் 600 மில்லி செகண்ட். இரண்டே தட்டில் டெம்போ பிடிக்கப்போய், அந்த இடைவெளி 20 மில்லி செகண்ட் குறைந்தால் 103.4 வந்து நிற்கும். பாட்டு தொடங்கும் முன் ஏழெட்டுத் தட்டு தட்டிப் பிடித்துக்கொள்ளுங்கள். ஆக்டோபேட்டின் ஒரு பேடில் டேப்பை வைத்திருந்தால், பாட்டு ஓடும்போது அந்தப் பேடில் தவறிக்கூடக் குச்சி படக்கூடாது. அதைத் தாளம் வாசிப்பவரிடம் முன்பே சொல்லிவிடுவது நல்லது.

வெளிக் கருவிகளுக்குக் கிளாக் அனுப்புகிறீர்கள் என்றால், அந்தக் கிளாக்கில் டெம்போ என்ற எண் போவதில்லை. ஒரு கால் நோட்டுக்கு 24 துடிப்புகள், அவ்வளவுதான். 120 பிபிஎம்மில் இரண்டு துடிப்புக்கு நடுவே சுமார் 20.8 மில்லி செகண்ட். வாங்குகிற கருவி இடைவெளியை அளந்து வேகத்தைத் தானே கணக்கிட்டுக்கொள்கிறது. அதனால் அதன் திரையில் 119.9, 120.1 என்று அலைவது சாதாரணம். டெம்போவைச் சட்டென்று மாற்றினால் அந்தக் கருவி ஒரு கணம் தடுமாறும். மாற்றுவதை இரண்டு மூன்று ஆவர்த்தனங்களுக்குப் பரப்பிச் செய்தால் காதுக்கும் உறுத்தாது. ஒரே நெட்வொர்க்கிலுள்ள கருவிகளை ஒரே டெம்போவில் ஓட்டும், 2016ல் வந்த ஏபிள்டன் லிங்க் முறையில் இணைந்தவர்கள் எல்லாருக்குமே டெம்போவை மாற்றும் உரிமை உண்டு. மேடை வைஃபையில் யாருடைய ஐபேடில் லிங்க் ஆனாக இருக்கிறது என்று கேட்டுவிட்டு ஆரம்பியுங்கள்.

சவுண்ட் செக்கில் இதற்கென்று பத்து நிமிடம் கேட்டு வாங்குங்கள். டிராக் ஓடும்போது டெம்போ நாபை ஒரு கோடியிலிருந்து மறுகோடி வரை திருப்பி, டிரம்மரைக் கிளிக் கேட்கச் சொல்லுங்கள். கன்ட்ரோலரின் யுஎஸ்பியைப் பிடுங்கித் திரும்பச் செருகுங்கள். டெம்போ எண் அசையக்கூடாது. கீபோர்டிலுள்ள வீல், பெடல், நாப் எல்லாவற்றையும் ஒருமுறை ஆட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். கடைசியாகப் பாடகரிடம், எந்தப் பாட்டில் வேகம் மாறலாம், மாற்றச் சொல்லி ஜாடை காட்டப்போவது யார் என்று பேசி வைத்துக்கொள்ளுங்கள். மற்ற பாட்டுகள் ஓடும்போது அந்த நாபின் மேப்பிங்கையே அணைத்து வைத்துவிடலாம்.